சன்னல் கிண்ணம்

"முன்னால வந்த காதைப் பின்னால வந்த கொம்பு மறைக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான் கயித்தான்.

பிலோமி டீச்சர் தலை நிமிரவில்லை. காய்ந்த கடற்பாசியைச் சின்ன உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு காது, யாரு கொம்பு?"

"நான் காது. இன்னாசி கொம்பு."

"சரி. அப்ப மாடு யாரு?"

டீச்சர் பாசித்தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் மாவாகவில்லை. மறுபடி இடித்தார்.

"சன்னல் கிண்ணத்தை ஏன் அவன்கிட்ட குடுத்தீங்க?"

"உன் கிண்ணத்துல தண்ணி மாத்துனியா?"

"மாத்தியாச்சு."

"அப்ப இந்தா, இதை இடி," என்று உலக்கையை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிலோமி டீச்சரிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான். கேட்டவனுக்குப் பதில் கிடைக்காது, வேலை கிடைக்கும்.

அவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். வேலையை விட்டபிறகு கழிமுகத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் கடல் புழு வளர்த்தார். விரல் நீளம்கூட இராது. உடம்பின் இரண்டு பக்கமும் சீப்புப் பல் போலச் சுணை இருப்பதால் சுணைப்புழு என்பார்கள். உடம்பில் ஊறும் சளியில் மணலை ஒட்டி ஒரு குழாய் கட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே குடியிருக்கும்.

மனசு சரியில்லாதவர்கள் டீச்சரைத் தேடி வருவார்கள். அவர் புத்தி சொல்லமாட்டார். கடல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் நாலைந்து புழுவை விட்டுக் கொடுப்பார். "சாகாம பாத்துக்கோ" என்பார். உபதேசம் அவ்வளவுதான். பங்குச் சாமிகிட்ட போனா செபமாலை, டீச்சர்கிட்ட போனா புழு என்று ஊரில் கேலி பேசினார்கள்.

கிண்ணத்துக்குள் நெளிவதைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்றவன் கயித்தான்.

மீன்பிடி லாஞ்சில் இன்ஜின் பார்த்தவன் அவன். மனைவி ரெஜினா பிள்ளையைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். கைப்பிள்ளையைக் கொழுந்தியாள் தூக்கிக்கொண்டு போனாள். இவன் பாட்டிலைத் தூக்கினான். தெருவில் விழுந்து, சாக்கடையில் விழுந்து, கடைசியில் ஒரு நாள் டீச்சர் வாசலில் விழுந்தான்.

கை நடுங்கினால் கிண்ணம் சிந்தும். சிந்தினால் புழு சாகும். கிண்ணம் சிந்தக் கூடாதே என்றுதான் அவன் குடியை விட்டான். மற்றபடி அவனுக்கு ஒரு பெரிய வைராக்கியமும் கிடையாது.

மகளைப் பார்க்க மட்டும் போவதில்லை. குடியை விட்ட புதிதில் ஒரு தரம், சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். மகள் ஜெசிந்தா, சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இது யாரு?" என்று கேட்டாள்.

இது யாரு என்பதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அந்த 'அம்மா'வைத்தான் பொறுக்க முடியவில்லை. ரெஜினாவுக்குச் சேர வேண்டிய சொல்லை இன்னொருத்தி வாங்கி வைத்திருந்தாள். பெற்றவன் வாசலில் நிற்கிறான், பிள்ளை அடுத்தவள் முந்தானையில் நிற்கிறது. வயிறு எரிந்தது பாருங்கள், சாராயம்கூட அவனை அப்படி எரித்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் கொழுந்தியாள் வீடு இருந்த கோயில் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. எட்டு வருஷமாகிவிட்டது. டீச்சர் வீடே கதி என்று கிடந்தான்.

அங்கேதான் வந்து சேர்ந்தான் இன்னாசி. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்.

உப்பளத்தில் மேஸ்திரி. எந்தத் துக்கம் அவனைக் கொண்டுவந்து விட்டது என்று சொல்லவில்லை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினான். உப்பு விலை பேசினான், அடுத்த வீட்டு மருமகப்பிள்ளைகளின் யோக்கியதை பேசினான், ஆள் கிடைக்காதபோது புழுக்களோடு பேசினான்.

"எல ராசா, இன்னும் எந்திரிக்கலையா? வெயில் ஏறிட்டுல்லா?"

டீச்சர் சிரித்தார்.

கயித்தான் கையிலிருந்த கிண்ணம் சிந்தப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் தனக்காக டீச்சர் ஒரு தரம் பல் காட்டியிருப்பாரா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. இவன் ஒரு நாளும் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பொறாமைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

சன்னல் கிண்ணம் என்பது டீச்சர் தன் கையாலேயே பார்த்துவந்த கிண்ணம். கழிமுகத்துச் சேற்றில் கடைசியாகக் கிடைத்த ஜோடி அதில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த புயல் கடல் மணலை வாரிக் கொட்டிச் சேற்றையே மூடிவிட்டது. வீட்டிலிருந்த மற்றப் புழுக்கள் பழைய வம்சம். தங்களுக்குள்ளேயே பெருகிப் பெருகி நோஞ்சானாகிவிட்டன. சன்னல் கிண்ணத்து ஜோடி குஞ்சு பொரித்தால் வம்சம் உண்டு. இல்லையென்றால் இந்தக் கரையில் சுணைப்புழுவே இல்லை.

அந்தக் கிண்ணத்தைத்தான் டீச்சர் இன்னாசியின் கையில் கொடுத்தார். "சாகாம பாத்துக்கோ" என்றார்.

கயித்தான் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

மறுநாள் வளர்ந்த புழுக்களை ஜோடி சேர்க்கும் வேலை இருந்தது.

"இன்னாசிக்குச் சொல்லிக்குடு," என்றார் டீச்சர்.

"கொம்புக்குக் காது சொல்லிக்குடுக்கணுமாக்கும்," என்று கயித்தான் முணுமுணுத்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

சுணைப்புழுவில் ஆண் எது பெண் எது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. பெண்ணுக்கு வயிற்றில் முட்டை மஞ்சளாகத் திரண்டால் தெரியும். அதற்கு முன்னால் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஆண் என்று தெரிந்த ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாததை ரப்பர் முனை வைத்த பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்து அதன் பக்கத்தில் விட வேண்டும். பேசாமல் பக்கத்தில் படுத்தால் பெண். வாயைத் திறந்து, இடுக்கி மாதிரி இருக்கிற இரண்டு தாடையையும் வெளியே தள்ளிக் கடிக்கப் போனால் ஆண்.

கயித்தான் விட்டான். இரண்டும் ஒன்றையொன்று சுற்றின. வாயைப் பிளந்தன.

"ஆண்," என்று எடுத்துத் தனியே போட்டான். "கடிச்சு உறுப்பு போறதுக்குள்ள எடுத்துரணும்."

"அண்ணாச்சி," என்றான் இன்னாசி. "பொம்பளையைக் கண்டா பேசாம படுக்குது. ஆணைக் கண்டா மட்டும் ஏன் கடிக்குது?"

"அதுக்கு இதைக் கண்டா ஆகாது."

"ஏன் ஆகாது? அது இதுக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? இப்பத்தானே மூஞ்சியவே பாக்குது."

"நல்ல கேள்வி," என்று அடுக்களையிலிருந்து டீச்சர் குரல் வந்தது.

நல்ல கேள்வியாம். கயித்தான் பல்லைக் கடித்தான். அடுத்த புழுவைக் கொஞ்சம் வேகமாகவே பீய்ச்சினான்.

சில நாள் கழித்து இன்னாசி வெளிறிப்போய் ஓடிவந்தான். டீச்சரும் கயித்தானும் முற்றத்தில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், சன்னல் கிண்ணத்துல பொம்பளை செத்துட்டு."

கயித்தானுக்கு உள்ளுக்குள் என்னவோ குளிர்ந்தது. நல்லா வேணும் என்று நினைத்தான்.

"முட்டை போட்டுச்சா?" என்றார் டீச்சர்.

"குழாய் நிறைய இருக்கு."

"அப்ப சரி. முட்டை போட்டா அவ போயிருவா. அது அப்படித்தான்."

கயித்தான் கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினான்.

"அதோட இல்ல டீச்சர்," இன்னாசியின் குரல் இறங்கியது. "அந்த ஆணு அவளையே தின்னுட்டான். பாதி உடம்பைக் காணல."

"முட்டையைத் தின்னானா?"

"இல்ல. அதைச் சுத்திப் படுத்திருக்கான்."

"அப்ப அவனைத் தொந்தரவு பண்ணாத. இனி அவன் ஒண்ணும் திங்கமாட்டான். பிள்ளைங்க தானா இரை தேடுற வரைக்கும் அந்தக் குழாயை விட்டு வெளிய வரமாட்டான். உடம்பை ஆட்டி ஆட்டி முட்டைக்குப் புதுத் தண்ணி விட்டுக்கிட்டே இருப்பான். அவன் நிறுத்துனா முட்டை அழுகிரும்."

"ராத்திரியிலயும் ஆட்டுவானா?"

"ராத்திரின்னா பிள்ளைக்கு மூச்சு வேண்டாமா?"

இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். கயித்தான் கழுவிய கிண்ணங்களை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை. எதன் மேலோ கோபமாக வந்தது. அதை இன்னாசி மேல் வைத்துக்கொள்வதுதான் வசதியாக இருந்தது.

அன்றுமுதல் வீட்டில் வேறு பேச்சே இல்லை. முட்டைக்குள் கண் புள்ளி வந்தது என்பான் இன்னாசி. குஞ்சு நெளிகிறது என்பான். டீச்சர் போய்க் குனிந்து பார்ப்பார். இரண்டு தலையும் ஒரே கிண்ணத்தின் மேல் சேர்ந்திருப்பதைக் கயித்தான் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பான். அவன் கிண்ணங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒரு புழு சாகவில்லை. யார் வந்து பார்த்தார்கள்?

"அண்ணாச்சி, நீங்களும் வந்து பாருங்களேன்," என்று இன்னாசி கூப்பிட்டான்.

"பாத்துருக்கேன், பாத்துருக்கேன்," என்றான் கயித்தான். பார்த்ததே இல்லை. பார்க்கவும் அவனால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னாசி பூசைக்குப் போனான். டீச்சர் மீன் வாங்கப் போனார். கயித்தான் பூசைக்குப் போகிறவன் இல்லை. அந்தக் கோயில் இருப்பது அந்தத் தெருவில்.

வீட்டில் அவனும் புழுக்களும் மட்டும் இருந்தார்கள்.

தன் கிண்ணத்தில் இருப்பதிலேயே முரட்டு ஆண் எது என்று அவனுக்குத் தெரியும். எதை விட்டாலும் கடித்துத் துரத்துகிற ஒன்று. அதைப் பிப்பெட்டில் உறிஞ்சி எடுத்தான்.

ஆணும் ஆணும் சேர்ந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் உள்ளே இருக்கிறவன் குழாயை விட்டு வெளியே வருவான். வெளியே வந்தால் தண்ணீர் ஓட்டம் நிற்கும். முட்டை அழுகும். இன்னாசி பார்க்கத் தெரியாமல் பார்த்துக் கெடுத்தான் என்றாகிவிடும். தன் மேல் பழி வராது. புழுவைத் தெரிந்தவனுக்கு மட்டுமே தோன்றுகிற துரோகம் இது. கயித்தானுக்குப் புழுவை நன்றாகத் தெரியும்.

சன்னல் கிண்ணத்தின் மேல் பிப்பெட்டை நீட்டினான். கை நடுங்கவில்லை. ரப்பரை அமுக்கினான்.

முரடன் தண்ணீரில் இறங்கி, மோப்பம் பிடித்து, நேராகக் குழாயின் வாய்க்குப் போனான்.

உள்ளேயிருந்து தலை வெளியே வந்தது. தின்னாமல் கிடந்து வெளுத்த தலை. வாயைப் பிளந்து தாடையைத் தள்ளியது. முரடன் கடித்தான். அதுவும் திருப்பிக் கடித்தது. முரடன் பக்கவாட்டில் வந்து இழுத்தான். தலை வெளியே வந்தது, கழுத்து வந்தது, உடம்பில் பாதி வந்தது.

இதோ வந்துவிடுவான் என்று கயித்தான் குனிந்தான். அப்போதுதான் முதல் தரமாக அந்தக் குழாய்க்குள் பார்த்தான்.

மீதிப் பாதி உள்ளேயே இருந்தது. சுணைகளைக் குழாய்ச் சுவரில் ஊன்றிக்கொண்டு, முட்டைகளுக்கு நடுவே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. நிதானமாக. அவசரமில்லாமல். வெளியே தன் தலையை ஒருத்தன் கடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது போல. முன்பாதி சண்டை போட்டது, பின்பாதி தொட்டில் ஆட்டியது.

சுற்றிலும் முட்டைக்குள் குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பாகக் கண் வந்திருந்தது. அப்பன் ஆட ஆட அவையும் அசைந்தன.

கயித்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முரடன் விட்டுவிட்டு மறுபடி பாய்ந்தான். வெளுத்த தலையில் ஒரு கிழிசல் விழுந்தது. பின்பாதி நிற்கவில்லை.

இன்னாசி மேல் இருந்த பொறாமை எந்த வழியாகப் போனதென்று கயித்தானுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் பொறாமைதான். ஆனால் இந்தப் புழுவின் மேல். எலும்பு கிடையாது, பொண்டாட்டியைத் தின்ற வாய், விரல் நீளம் காணாது, இதைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு வயிறு எரியலாமா? எரிந்தது. கொழுந்தியாள் வாசலில் எரிந்ததைவிட அதிகமாக எரிந்தது.

பிப்பெட்டைத் தண்ணீருக்குள் விட்டு முரடனை உறிஞ்சி எடுத்தான். இப்போது கை நடுங்கியது.

"ஆணா, பெண்ணா?"

திரும்பினான். டீச்சர் மீன் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"ஆண்," என்றான்.

"உள்ள இருக்கிறது?"

"அதுவும் ஆண்தான்."

"சண்டை போட்டுச்சோ?"

"போட்டுச்சு."

"அது ரெண்டு. மூணாவது ஆளு என்ன செஞ்சுது?"

கயித்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

"கை தவறி விழல டீச்சர். தெரிஞ்சேதான் விட்டேன். இன்னாசி பேரு கெடணும்னு விட்டேன்."

டீச்சர் மீன் பையை ஆணியில் மாட்டினார். கையை முந்தானையில் துடைத்தார். சன்னல் பக்கம் வந்து, கிண்ணத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"ஆட்டத்தை நிறுத்திச்சா?"

"இல்ல."

"நடுவுல ஒரு தரமாவது?"

"நிறுத்தல டீச்சர். கடி வாங்கும்போதுகூட நிறுத்தல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நிறுத்தவே இல்ல."

டீச்சர் முரடனை அதன் கிண்ணத்தில் விடச் சொல்லிக் கையைக் காட்டினார். விட்டான். அது தன் குழாயைத் தேடிப் போய் நுழைந்துகொண்டது.

"என்னை வையுங்க டீச்சர்."

"வைதா குஞ்சு பொரிக்குமா?"

"நான் குடிகாரன். அதனாலதான என்னை நம்பி அதைத் தரல?"

"உன்னை நம்பாம வேற யாரை நம்ப? இந்த வீட்டுல உன்னை மாதிரி கை எவனுக்கு இருக்கு?"

இத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய சொல் அது. காதில் விழுந்தும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"பின்ன ஏன் இன்னாசிக்குக் குடுத்தீங்க?"

டீச்சர் இந்தத் தரம் வேலை கொடுக்கவில்லை.

"அவனுக்குப் பிள்ளை கிடையாது, கயித்தான்."

கோயில் தெருவில் பூசை முடிந்த மணி அடித்தது. கயித்தான் கிண்ணத்தைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய தன் சட்டையைப் பார்த்தான். எங்கேயும் போவதாக அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை.

"போகும்போது சன்னல் திரையை இறக்கிட்டுப் போ," என்றார் டீச்சர். "வெயில் தண்ணியில விழுது."